இளக்கிய ஸ்பிரிங்

லஸ்க், வயோமிங்
12 அக்டோபர் 1997

அன்புள்ள அக்கா வெல்டாவுக்கு,

நானும் நோரீனும் இங்கே சுகம். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? காது எப்படி என்று கேட்கமாட்டேன். நாற்பது வருடம் துப்பாக்கிப் பட்டறையில் உட்கார்ந்து நீயே சம்பாதித்த செவிடு அது. போன வாரம் போனில் நான் கத்திய கத்தலில் எங்கள் நாய் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. உனக்கு ஒரு வார்த்தை விழவில்லை. இனிமேல் கடிதம்தான்.

எனக்கு ஒரு புது ரிவால்வர் வேண்டும். பழைய நாற்பத்தைந்து காலிபரைப் பக்கத்துப் பண்ணை ஹார்லனுக்குக் கொடுத்துவிட்டேன். சலித்துவிட்டது, அவ்வளவுதான். இத்தாலிக்காரர்கள் கௌபாய் காலத்து மாடலை நகலெடுத்துச் செய்கிறார்களே, அதில் எனக்கு எது சரிப்படும் என்று நீ சொல். நூறு வகை இருக்கிறது, பட்டியலைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது.

ஜூன் மாதம் உங்கள் துப்பாக்கிச் சங்கத்தில் நடக்கும் ஜோடிப் போட்டிக்கு நம் பெயரைக் கொடுத்துவிடு. சங்கத்துப் பெயரில்தான்: நீ லாந்தர் லில்லி, நான் தூசிப் பாதிரி. ஒன்பது தடவை சேர்ந்து நின்றிருக்கிறோம், ஒரு தடவையாவது குறிக்கு நிறுத்திய பத்துத் தகடும் விழுந்ததா? உனக்கு ஐந்து விழும், எனக்கு நான்கோடு நின்றுவிடும். இந்தத் தடவை பத்தும் விழவேண்டும். அடுத்த ஜூனில் பார்க்கலாம் என்று மட்டும் எழுதாதே. எனக்கு இந்த ஜூன் வேண்டும்.

உன் தம்பி,
டெல்மர்


ஓகலாலா, நெப்ராஸ்கா
20 அக்டோபர் 1997

தம்பி டெல்மருக்கு அக்கா எழுதுவது.

முட்டி இருக்கிறது, வலியும் இருக்கிறது. இரண்டும் என்னை விட்டுப் போவதாக இல்லை. நோரீனைக் கேட்டதாகச் சொல்.

நல்ல துப்பாக்கியைத் தூக்கி ஹார்லனிடம் கொடுத்தாயே, அவன் அதை வைத்து வேலிக்கு ஆணிதான் அடிப்பான். போகட்டும். நேற்று ஒருத்தன் கடைக்கு வந்து, "எந்த ரிவால்வர்ல சுட்டா சினிமா மாதிரி இருக்கும்?" என்று கேட்டான். "கண்ணாடி முன்னாடி போய் நின்னுக்கோ, சுட மட்டும் செய்யாதே" என்று அனுப்பினேன். அந்த ரகம் இல்லை நீ. அதனால் யோசித்துச் சொல்கிறேன்.

நீ ஒற்றைக் கையால் சுடுகிறவன். "ரெண்டு கையால பிடிக்கிறவன் பால் கறக்கப் போகலாம்" என்று வருஷா வருஷம் பீற்றிக்கொள்கிறாய். ஒற்றைக் கைக்கு 1873-ஆம் வருடத்து மாடல்தான். ஏழரை அங்குலக் குழல், நாற்பத்தைந்து. கனமாக இருக்கும். கனம் இருந்தால்தான் கை ஆடாது. உன் ஐந்தாவது தகடு தப்பிப்போவதற்குக் காரணம் துப்பாக்கி இல்லை, உன் அவசரம்.

பெயர் கொடுத்தாயிற்று. ஜூன் 13, சனிக்கிழமை. வராவிட்டால் உன் பெயரை வேறு எவனும் வைத்துக்கொள்ள முடியாது, தெரியுமல்லவா? சங்கத்தில் ஒரு பெயரைப் பதிந்துவிட்டால் அது அவனுக்கே அவனுக்கு. ஆகவே தூசிப் பாதிரி வந்துதான் ஆகவேண்டும்.

அக்கா,
வெல்டா


லஸ்க்
30 நவம்பர் 1997

அன்புள்ள அக்கா,

நாங்கள் சுகம். உடனே பதில் எழுத முடியவில்லை. வேலை.

காஸ்பர் போய் நீ சொன்ன ஏழரை அங்குலத்தைக் கையில் பிடித்துப் பார்த்தேன். துப்பாக்கியா அது, இரும்புக் கடப்பாரை. கொஞ்ச நேரம் நீட்டிப் பிடித்தால் குழல் தரையைப் பார்க்கிறது. ஒவ்வொரு சூட்டுக்கும் பின்னாலிருக்கும் சுத்தியலைக் கட்டைவிரலால் இழுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. லாரிக்குப் போடுகிற ஸ்பிரிங்கை எடுத்து ரிவால்வருக்குப் போட்டிருக்கிறான் இத்தாலிக்காரன். கடைக்காரர், "எல்லாம் இப்படித்தான் வருது சார், பழகினா சரியாயிடும்" என்கிறார்.

முப்பத்தெட்டில் குட்டையான குழலோடு இருக்கிறதாமே? பிடி சின்னதாக? இன்னொன்று. இரண்டு கையால் பிடித்து, இடது கட்டைவிரலால் சுத்தியலை இழுத்தால் போட்டியில் ஏதாவது சொல்வார்களா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

டெல்மர்


ஓகலாலா
8 டிசம்பர் 1997

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். எல்லாரும் என்றால் நானும் பூனையும்.

கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஸ்பிரிங் கனமாம், குழல் கனமாம், பிடி பெரிசாம்! இரண்டு கையால் பிடிக்கலாமா என்று தூசிப் பாதிரி கேட்கிற நாளும் வந்துவிட்டது. பால் கறக்க எப்போது போகிறாய்? சங்கத்தில் இதைப் படித்துக் காட்டினேன். போட்டியில் கடிகாரம் பிடிக்கிற கிழட்டு நரி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

சட்டத்தில் தடை இல்லை. தாராளமாக இரண்டு கையால் சுடு. முப்பத்தெட்டிலேயே நான் வரவழைக்கிறேன். நாலே முக்கால் அங்குலக் குழல், சுத்தியலின் வால் அகலமாக, தாழ்வாக இருக்கும். விரல் எட்டி இழுக்கவேண்டியதில்லை. வந்ததும் பட்டறையில் கொஞ்சம் தேய்த்து வழவழப்பாக்கி அனுப்புகிறேன்.

அது சரி, பென்சிலில் ஏன் எழுதியிருக்கிறாய்? எழுத்து ஒவ்வொன்றும் மாட்டுக் குளம்பு மாதிரி இருக்கிறது. பேனா வாங்கக்கூடச் சோம்பேறித்தனமா?

வெல்டா


லஸ்க்
3 ஜனவரி 1998

அன்புள்ள அண்ணிக்கு நோரீன் எழுதுவது. புத்தாண்டு உங்களுக்கு நன்றாக இருக்கட்டும்.

அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். பதில் எழுதினால் நான் சமைக்கும் பள்ளிக்கூட விலாசத்துக்குப் போடுங்கள், வீட்டுக்கு வேண்டாம்.

அவருக்குக் கையில் பலம் போய்க்கொண்டிருக்கிறது. போன வசந்தத்தில் வலது கையில் ஆரம்பித்தது. வேலிக் கம்பி முறுக்கும்போது இடுக்கி நழுவுகிறது என்றார். செப்டம்பரில் பில்லிங்ஸில் பெரிய டாக்டரிடம் போனோம். நரம்பு ஒவ்வொன்றாகப் பட்டுப்போகிற நோயாம். இரண்டு கைக்கும் வரும், பிறகு காலுக்கும், அப்புறம் மூச்சுக்கும். மருந்து ஒன்றும் இல்லை என்று டாக்டர் எங்கள் முகத்தைப் பார்த்தே சொன்னார். அது ஒன்றுதான் நல்ல குணம் அவரிடம்.

உங்கள் டிசம்பர் கடிதத்தை அவர் எனக்கு வாசித்துக் காட்டினார். பால் கறக்கிற இடத்தில் சத்தம் போட்டுச் சிரித்தார். அப்புறம் கொட்டகைக்குப் போனவர் ரொம்ப நேரம் வரவில்லை. அந்த எழுத்து மாட்டுக் குளம்பு மாதிரி இருக்கிறது என்றீர்களே, அந்த ஒரு பக்கத்தை எழுத அவருக்கு மூன்று நாள் ஆனது.

"அண்ணிகிட்ட சொல்லிடுங்களேன்" என்றேன். "சொன்னா அவ என்னைக் கைக்குழந்தை மாதிரி பாப்பா. ஜூன்ல எம் பக்கத்துல ஜோடியா நிக்கணும் அவ, நர்ஸா இல்ல" என்றார். சத்தியம் வாங்கிக்கொண்டார். சத்தியத்தை மீறித்தான் இதை எழுதுகிறேன். நீங்களும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். அவருக்கு இந்த ஜூனைத் தவிர வேறு பேச்சு இல்லை, அண்ணி.

நோரீன்


ஓகலாலா
9 ஜனவரி 1998

நோரீன்,

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. சங்கத்தில் வாசித்துக் காட்டிச் சிரிக்க வைத்தேனே. பாவி நான். அவன் சின்ன வயதில் விழுந்தால் முதலில் ஓடியது நான்தான். இப்போது இருநூறு மைலுக்கு அப்பால் உட்கார்ந்து கேலி எழுதியிருக்கிறேன்.

காட்டிக்கொள்ளமாட்டேன். இதே வாயால் இன்னும் கேலி செய்வேன். கேலியை நிறுத்தினால் கண்டுபிடித்துவிடுவான்.

என்னால் செய்ய முடிந்தது என்ன என்று இரவெல்லாம் யோசித்தேன். டாக்டருக்கே கைவிரிப்பு என்றால் நான் எம்மாத்திரம். எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். துப்பாக்கி வரட்டும்.

உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

வெல்டா


ஓகலாலா
22 பிப்ரவரி 1998

தம்பிக்கு,

நான் சுகம். நீயும் நோரீனும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

உன் ரிவால்வர் உங்கள் ஊர்க் கடைக்கு வந்து சேரும். போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள். கொஞ்சம் தேய்த்தேன், எண்ணெய் போட்டேன். எல்லாருக்கும் செய்கிறதுதான், உனக்கென்று விசேஷமாக ஒன்றும் இல்லை. இதற்கு மேலும் சுத்தியல் கனம் என்று எழுதினால் உனக்குத் தண்ணீர்த் துப்பாக்கி வாங்கி அனுப்பிவிடுவேன்.

ஆறு அறை இருந்தாலும் ஐந்தில் மட்டும் தோட்டா, காலி அறைமேல் சுத்தியல். நாற்பது வருடமாகச் சொல்கிறேன், இன்னொரு தடவையும் சொல்லிவிடுகிறேன்.

வெல்டா


லஸ்க்
29 மார்ச் 1998

அக்கா,

நாங்கள் சுகம். துப்பாக்கி வந்தது. என்னத்தைச் செய்தாய் நீ? வெண்ணெயில் விரல் வைத்தது மாதிரி இருக்கிறது. காலியாக வைத்து அடுக்களையில் நின்று இழுத்து இழுத்துப் பார்க்கிறேன். ஐந்து தடவையும் இழுக்க முடிகிறது. நோரீன் அழுகிறாள். பனி விழுகிற மாதத்தில் அவளுக்கு எப்போதும் கண் எரியும்.

இன்னும் சுடவில்லை. வெளியே காற்றும் பனியும். தோட்டாவுக்குக் குறைவில்லை. என் ரைபிளுக்கென்று இரண்டு வருடத்துக்கு முன் நானே தயார் செய்த முப்பத்தெட்டு ஒரு பெட்டி நிறைய இருக்கிறது.

போட்டியில் நான் போடும் பாதிரிக் கோட்டுக்கு நோரீன் பித்தானை எல்லாம் எடுத்துவிட்டு ஊக்கு வைத்துத் தைத்திருக்கிறாள். அதுதான் இப்போது நாகரிகமாம்.

டெல்மர்


ஓகலாலா
6 ஏப்ரல் 1998

தம்பிக்கு,

இங்கே சுகம். உன் பழைய தோட்டாவைத் தூக்கி எறி. உனக்கும் சேர்த்து நானே புதிதாகத் தயார் செய்திருக்கிறேன், ஜூனில் கையோடு கொண்டுவருகிறேன். எல்லாம் ஒரே அளவு மருந்து, குறி தப்பாது. அதைத்தான் போடவேண்டும். கேட்கிறாயா?

வெல்டா


லஸ்க்
10 மே 1998

அக்கா,

சுகம். வேண்டாம். என் தோட்டா போதும். நானே என் கையால் ஒவ்வொன்றாக மருந்து நிரப்பி, அடியில் சுத்தியல் பட்டதும் வெடிக்கிற கேப்பு வைத்து இறுக்கியது. அதைத்தான் சுடுவேன். இதில் மட்டும் என்னோடு சண்டை போடாதே.

ஜூனில் பார்ப்போம்.

டெல்


லஸ்க்
21 ஜூன் 1998

அன்புள்ள அக்கா,

நான் சொல்லச் சொல்ல நோரீன் எழுதுகிறாள். ஆகவே "நாங்கள் சுகம்" என்று எழுதவேண்டியதில்லை. அந்த வேலை முடிந்தது.

வீடு வந்து ஒரு வாரமாக உன்னோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது வெளியே போடுகிறேன்.

உன் ஐந்து தகடும் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தது. துப்பாக்கியை இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பி, "வா பாதிரி, பால் கறக்கலாம்" என்றாய். எனக்கு அவ்வளவு சந்தோஷம். இவளுக்கு ஒன்றும் தெரியாது, நான் அவளுடைய பழைய தம்பிதான் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு கட்டைவிரலையும் சுத்தியலில் வைத்து முதல் தடவை இழுத்தேன். வந்தது. விசையை அழுத்தினேன். "டிக்."

உனக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. இரண்டாவது தடவையும் டிக். மூன்றாவது வெடித்தது, தகடு விழுந்தது. நான்காவது டிக். ஐந்தாவது வெடித்து விழுந்தது. மூன்று தோட்டா உயிரோடு உள்ளே இருக்கிறது, திரும்ப இழுத்து அடித்தால் வெடிக்கலாம். இழுக்கவேண்டுமே! ஐந்து தடவை இழுக்கத்தான் எனக்குக் கை இருந்தது. கிழட்டு நரி கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, "அவசரமே இல்ல பாதிரியாரே, மெதுவா இழுங்க" என்றான். அவன் குரல் அப்படிக் குழைந்ததை நான் இதற்கு முன் கேட்டதில்லை. விரல் சுத்தியல் மேலேயே இருந்தது. நான் சொல்வதை அது கேட்கவில்லை. நீ பக்கத்தில் நின்றாய். சுடும் கோட்டில் நிற்பவனை யாரும் தொடக்கூடாது. கடைசியில் நானே துப்பாக்கியை மேசைமேல் வைத்தேன்.

முதல் டிக்கிலேயே எனக்குத் தெரிந்துபோயிற்று. ஸ்பிரிங் அவ்வளவு இளகியிருந்தால்தான் சுத்தியல் மெல்ல விழும், நல்ல கேப்பும் வெடிக்காமல் போகும். விரல் மூட்டு வீங்கிய கிழவர்களுக்கு நீ போட்டுக் கொடுப்பது அது. தேய்த்தேன், எண்ணெய் போட்டேன் என்று எனக்கு எழுதினாய். உனக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டு என் பக்கத்தில் நின்றிருக்கிறாய். என்னிடம் ஏன் சொல்லவில்லை? ஸ்பிரிங் இளகல், மென்மையான கேப்பு போட்டுக்கொள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் பத்துத் தகடும் விழுந்திருக்கும், அக்கா.

நோரீன் இப்போது பேனாவை வைத்துவிட்டு, தான்தான் ஜனவரியில் உனக்கு எழுதினேன் என்று சொல்லிவிட்டு அழுகிறாள். அவளைத் திட்டவில்லை. எழுதச் சொன்னேன், எழுதுகிறாள்.

டெல்மர்


ஓகலாலா
27 ஜூன் 1998

தம்பிக்கு,

சத்தம் கேட்கவில்லை எனக்கு. சுத்தியல் விழுந்தது, புகை வரவில்லை. அதைப் பார்த்தேன்.

பட்டறையில் அந்த ஸ்பிரிங்கை எட்டுத் தடவை தேய்த்தேன். நோரீன் எழுதியதை மனதில் வைத்து, என் வலது கையைப் போர்வையால் சுற்றிக்கொண்டு, இரண்டு விரலால் மட்டும் இழுத்துப் பார்ப்பேன். இன்னும் கனம் என்று மறுபடி தேய்ப்பேன். மென்மையான கேப்பு வைத்து நூறு தோட்டா தயார் செய்து ஒவ்வொரு அளவுக்கும் சுட்டுப் பார்த்தேன். நூறும் வெடித்தது. உன் பழைய தோட்டாவில் ஓங்கி அடித்தால்தான் வெடிக்கும் முரட்டுக் கேப்பு என்று தெரியும். அதனால்தான் தூக்கி எறியச் சொன்னேன். ஏன் என்று நீ கேட்டிருந்தால் நோரீனைக் காட்டிக்கொடுக்காமல் என்னால் சொல்லியிருக்க முடியாது. நீ கேட்கக்கூட இல்லை, வேண்டாம் என்றாய்.

போட்டி அன்றைக்குத் தோட்டா நிரப்பும் மேசையில் உன் கையிலிருந்து ஒன்று கீழே விழுந்ததே, நான் குனியப் போனேன், "விடு" என்றாய். என் தோட்டாப் பெட்டி பக்கத்தில் என் தள்ளுவண்டியில் இருந்தது. கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றேன். "தம்பி, இதைப் போடு" என்றால் முடிந்தது. வாய் வரவில்லை. ஊரெல்லாம் நாறுகிற வாய் இது, அன்றைக்கென்று பார்த்து அடைத்துக்கொண்டது. நீ அந்தத் தோட்டாவை ஏன் விடமாட்டேன் என்கிறாய் என்று அந்த மேசையில் வைத்துத்தான் எனக்குப் புரிந்தது. உன் கை கடைசியாகச் செய்த தோட்டா அது. அதைப் போடாதே என்று எப்படிச் சொல்வேன்?

பத்துத் தகட்டை நான்தான் கெடுத்தேன். இனி உனக்குத் தெரியாமல் ஒன்றும் செய்யமாட்டேன். தெரிந்ததைச் சொல்லாமலும் இருக்கமாட்டேன்.

அக்கா


லஸ்க்
20 செப்டம்பர் 1998

அக்கா,

நோரீன் எழுதுகிறாள். நான் சுகம் இல்லை. இதைச் சொல்லிப் பார்த்தால் ஒன்றும் ஆகிவிடவில்லை, வானம் இடிந்து விழவில்லை.

ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். தோட்டா எல்லாம் ஹார்லன் வீட்டுக்குப் போய்விட்டது. காலித் துப்பாக்கியை மடியில் வைத்துச் சுத்தியலை இழுத்துப் பார்ப்பேன். ஒரு நாளைக்கு ஐந்து தடவை. ஆகஸ்டில் இரண்டு தடவை ஆனது. இந்த வாரம் ஒன்றும் வரவில்லை.

உன்மேல் கோபம் போய்விட்டது. எப்போது போனது என்று கவனிக்கவில்லை. நோரீன் துப்பாக்கியை உனக்கு அனுப்புகிறாள். ஸ்பிரிங்கை இன்னும் கொஞ்சம் இளக்க முடியுமா? அடுத்த ஜூனுக்கு முன்னால் பழகிக்கொள்கிறேன்.

டெல்மர்


ஓகலாலா
4 அக்டோபர் 1998

அன்புள்ள தம்பிக்கு,

முட்டி வலிக்கிறது. உன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பட்டறையிலேயே உட்கார்ந்து அழுதேன். பூனை பார்த்துக்கொண்டிருந்தது.

சொல்லாமல் இருக்கமாட்டேன் என்று எழுதினேன் அல்லவா, அதனால் சொல்கிறேன். போன தடவையே கடைசி அளவுக்கு வந்துவிட்டேன். இதற்குக் கீழே போனால் எந்தக் கேப்பும் வெடிக்காது. மென்மையானதும் வெடிக்காது. உலகத்தில் எவன் செய்த தோட்டாவும் வெடிக்காது. இது உனக்கும் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

இளக்கிவிட்டேன். சுண்டுவிரலால் இழுத்துப் பார்த்தேன், வந்தது. மூச்சுவிட்டால் வந்துவிடும் போல இருக்கிறது. நாளைக்கு அனுப்புகிறேன். மடியில் வைத்து இழுத்துப் பார். டிக் என்று கேட்டால் நோரீனை எனக்கு எழுதச் சொல், எத்தனை தடவை என்று.

அடுத்த ஜோடிப் போட்டிக்கு நேற்றே பெயர் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். கிழட்டு நரி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "லில்லி, உன் ஜோடி?" என்று கேட்டான். தூசிப் பாதிரி என்று எழுதச் சொன்னேன். எழுதிக்கொண்டான்.

உன் அக்கா,
வெல்டா